ஒன்றரை மாத ஊசியும் வீட்டுக் கடனும்

கைக்குழந்தைக்கு நிமோனியா வந்தால் அரசு ஆஸ்பத்திரியில் படுக்கைக்கும் மருந்துக்கும் காசு கேட்க மாட்டார்கள். ஆனாலும் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் கடன் வந்துவிடுகிறது. அம்மா வார்டை விட்டு நகர முடியாது. அப்பா சாப்பாடும் வெந்நீரும் வாங்கிக்கொண்டு அலைவார். இரண்டு பேர் கூலியும் போச்சு. காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத்தான் பார்க்கும், போன கூலியைத் தராது. தனியார் ஆஸ்பத்திரி என்றால் காதில் கிடக்கும் தோடு அடகுக்கடைக்குப் போய்விடும்.

இந்தச் செலவு வராமலே தடுக்க வழி இருக்கிறது. 1985 முதல் நடக்கும் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் எல்லா ஊசியும் இலவசம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு எதுவும் கேட்கக் கூடாது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் புதன்கிழமை ஊசி நாள். துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போட்டுக்கொள்ளலாம்.

பிறந்ததும் காசநோய், மஞ்சள் காமாலை ஊசிகள், போலியோ சொட்டு மருந்து. அப்புறம் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம். இந்த மூன்றும்தான் முக்கியம். ஒன்றரை மாதத்தில் இடது தொடையில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா, வலது தொடையில் நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி, வாயில் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான மருந்து. தனியாரிடம் நியூமோகாக்கல் ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். 2021 முதல் தமிழ்நாட்டில் அரசே இலவசமாகப் போடுகிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி.

ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் அடித்தால் பயப்பட வேண்டாம், நர்ஸ் தரும் பாராசிட்டமால் போதும். மறுநாள் வேலை கெடுமே என்று அடுத்த தவணையைத் தள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. ஒருநாள் கூலி போவதும் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பதும் ஒன்றாகுமா?

தேதி தவறிவிட்டதா? சரி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட தவணையிலிருந்து தொடரலாம். ஆனால் பென்டாவின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் போட்டாக வேண்டும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வெளியூர் போகிறவர்கள் தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், எந்த ஊரிலும் போடுவார்கள்.

மகப்பேறு நிதியுதவிக்குப் பதிந்திருந்தால் இன்னொரு விஷயம். பிரசவத்துக்குப் பிந்தைய தவணைப் பணம் கணக்கில் ஏற மூன்றரை மாத ஊசிவரை முடித்திருக்க வேண்டும். அது அட்டையில் பதிவாகிவிட்டதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.