பேட்டை வாய் திறக்கவில்லை, தாதா பேசிக்கொண்டிருந்தார்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பேட்டை சவுத் பாஸ்டன். துறைமுகக் கூலிகள், லாரி ஓட்டுநர்கள், தீயணைப்பு வீரர்கள் என்று பெரும்பாலும் ஐரிஷ் வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். 1980களில் அங்கே சுமார் 30,000 பேர் இருந்தார்கள். அவர்களை ஆட்டிவைத்த கும்பலின் உள்வட்டமோ ஒரே காரில் ஏறிப் போய்விடும் அளவுதான்: ஜேம்ஸ் ‘வைட்டி’ பல்ஜர், அவருடைய கூட்டாளி ஸ்டீபன் ஃப்ளெம்மி, கூடவே ஓரிரு அடியாட்கள். இந்தச் சிலரால் எப்படி அத்தனை பேரை வருஷக்கணக்கில் அடக்கிவைக்க முடிந்தது? “துப்பாக்கி இருந்தது, பயந்தார்கள்” என்பது பாதி பதில்கூட இல்லை. போலீஸிடமும் துப்பாக்கி இருந்தது. யாருக்கு என்ன தெரியும், அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும், சொன்னால் அது கடைசியில் யார் காதுக்குப் போகும் என்பதில்தான் அந்தக் கும்பலின் பலம் இருந்தது.

கும்பலின் வேர் சவுத் பாஸ்டனில் இல்லை. பக்கத்து ஊரான சாமர்வில்லில், விண்டர் ஹில் என்ற தொழிலாளர் பகுதியில் அது தொடங்கியது. 1961இல் ஒரு கடற்கரை விருந்தில், ஒருவருடைய காதலியிடம் இன்னொருவர் தவறாக நடந்துகொண்டதில் ஆரம்பித்த அடிதடி, இரண்டு ஐரிஷ் கும்பல்களுக்கு இடையே பல வருஷப் போராக மாறி சுமார் 60 உயிர்களைக் குடித்தது. போரில் வென்ற விண்டர் ஹில் கும்பலின் முதல் தலைவர் பட்டி மெக்லீனே 1965இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்தவர் ஹோவி விண்டர். குதிரைப் பந்தயங்களில் முடிவை முன்கூட்டியே விலைக்கு வாங்கிய வழக்கில் 1979இல் அவரும் கூட்டாளிகள் பலரும் சிக்கினார்கள். பல்ஜரும் ஃப்ளெம்மியும் மட்டும் அந்தக் குற்றப்பத்திரிகையில் இல்லை, கும்பல் அவர்கள் கைக்கு வந்தது. ஏன் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வருமானம். 2005இல் பொருளாதார நோபல் பெற்ற தாமஸ் ஷெல்லிங், அமைப்பாக நடக்கும் குற்றத்தைப் பற்றி 1971இலேயே ஒரு கூர்மையான விஷயத்தைச் சொன்னார். சூதாட்டம் நடத்துவது இத்தகைய கும்பல்களின் முக்கிய வேலை இல்லை. சூதாட்டம் நடத்துபவரிடம் பணம் பிடுங்குவதுதான் முக்கிய வேலை. இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சரி என்று புரியும். பந்தயப் பணம் வாங்கும் ஒரு புக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாடிக்கையாளர் கண்ணுக்குப் பட்டே ஆக வேண்டும், அதனால் கும்பலின் கண்ணுக்கு மறைய முடியாது. தினமும் கையில் ரொக்கம் புரளும், கணக்கு ஏடு வெளியே காட்டத் தக்கதல்ல. எல்லாவற்றுக்கும் மேல், அவரே சட்டவிரோதத் தொழில் செய்வதால் போலீஸ் நிலையப் படியேற முடியாது. மிரட்டிப் பணம் பறிக்க இவரைவிட வசதியான ஆள் கிடையாது.

பல்ஜர் கும்பல் புக்கிகளிடமும் போதைப்பொருள் வியாபாரிகளிடமும் மாதாமாதம் மாமூல் வாங்கியது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘வாடகை’. பந்தயத்தில் தோற்றவர்களுக்குக் கந்துவட்டிக்குப் பணம் கொடுத்தது தனி வருமானம். ஒரு வருமானம் இன்னொன்றுக்குத் தீனி போட்டது.

அப்புறம், அந்த மௌனம். ஒரு குற்றத்தைப் பார்த்த சாட்சியின் இடத்தில் நின்று கணக்குப் போடுங்கள். அவர் பேசினால் நன்மை பேட்டை முழுவதற்கும் பங்காகும். ஆபத்து அவர் ஒருவருக்கு மட்டும். எல்லாரும் சேர்ந்து பேசினால் யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் மற்றவர்கள் பேசுவார்கள் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியே நியாயமாக யோசித்து, மொத்தமாகத் தோற்கிறார்கள். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. நெருக்கமான பேட்டையில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் யார் யாரிடம் பேசினார் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும்.

1974இல் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழிக்க, மாணவர்களைப் பஸ்ஸில் வேறு பகுதிகளுக்கு அனுப்பும்படி ஒரு கூட்டாட்சி நீதிபதி உத்தரவிட்டார். சவுத் பாஸ்டன் கொதித்தது. கறுப்பின மாணவர்கள் வந்த பஸ்கள் மீது கல் விழுந்தது. நீதிமன்றம், போலீஸ், பத்திரிகை எல்லாமே வெளியாட்கள், எதிரிகள் என்ற உணர்வு தெருக்களில் ஊறியது. அந்த உணர்வு ஒரு தாதாவுக்குக் கிடைத்த இலவச மதில். அந்த மதிலுக்குப் பின்னால் அவர் எளிதாக ‘நம்மவர்’ ஆகிவிட்டார்.

இதுவரை சொன்னது உலகத்தின் எந்தக் கும்பலுக்கும் பொருந்தும். சவுத் பாஸ்டன் கதையை வேறாக்கியது அடுத்த பகுதி. 1975 முதல் பல்ஜர் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் இரகசிய இன்ஃபார்மர், அதாவது துப்புக் கொடுப்பவர். அவரைக் கையாண்ட அதிகாரி ஜான் கானலி, பல்ஜர் வளர்ந்த அதே ஓல்ட் ஹார்பர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் எஃப்பிஐயின் தலையாய இலக்கு இத்தாலிய மாஃபியா. அதைப் பற்றித் தகவல் தரும் ஆள் கையில் இருந்தால் அதிகாரிக்குப் பதவி உயர்வு. ஐரிஷ் கும்பலைப் பிடித்தால் பெரிய பாராட்டு கிடைக்காது. இந்த அளவுகோலை நன்றாகப் படித்துக்கொண்டவர் பல்ஜர். போட்டியாளர்களான இத்தாலியர்களைப் பற்றிப் பேசினார். அவர்களை ஒழிக்கும் செலவை அரசே ஏற்றுக்கொண்டது. 1979 குற்றப்பத்திரிகையில் இரண்டு பெயர்கள் விடுபட்டது இதனால்தான். எஃப்பிஐ அதிகாரிகள் அரசு வழக்கறிஞரிடம் போய் அவர்களை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார்கள்.

கொடுத்ததைவிட பல்ஜர் வாங்கிய தகவலின் மதிப்பு பல மடங்கு. 1980இல் அவர் தளமாக வைத்திருந்த லான்காஸ்டர் தெரு கார் ஷெட்டில் மாநிலப் போலீஸ் ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்தியது. சீக்கிரமே அங்கே உருப்படியான பேச்சு நின்றுபோனது. 1984 வாக்கில் ஒரு இளம் தம்பதி புதிதாகத் திறந்த மதுக்கடையைப் பல்ஜர் பறித்துக்கொண்டார். வீட்டுக்கே ஆட்களோடு போய், குழந்தைகள் இருந்த இடத்தில் துப்பாக்கியை வைத்துப் பேசி முடித்தார்கள். அந்தப் பெண்ணின் உறவினர் ஒருவர் பாஸ்டன் போலீஸ் துப்பறிவாளர். அவர் சரியான இடம் என்று நம்பி எஃப்பிஐயிடம் முறையிட்டார். கேட்டவர் கானலி. முறையீடு பல்ஜரிடம் போய்ச் சேர்ந்தது, தம்பதிக்கு எச்சரிக்கை திரும்பி வந்தது. பேட்டைக்காரர் எடுத்த முடிவு எவ்வளவு துல்லியமானது என்று இப்போது தெரிகிறது. போலீஸிடம் சொன்னால் ஆபத்து என்று அவர்கள் பயந்தது வதந்தியால் வந்த பயம் அல்ல. அது உண்மை நிலவரம்.

இதன் உச்சம் 1982. கும்பலோடு பழகிய ஒருவர், ஓக்லஹோமாவில் நடந்த ஒரு தொழிலதிபர் கொலையில் பல்ஜரின் பங்கு பற்றி எஃப்பிஐயிடம் பேசத் தொடங்கினார். செய்தி கசிந்தது. மே மாதம் துறைமுகப் பகுதியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று அவரைத் தன் காரில் வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவரும் செத்துப்போனார். அவருக்கும் கும்பலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது முழு இயந்திரமும் தெரிகிறது. பேட்டையிலிருந்து மேலே போகும் வழிகள் அத்தனையும் அடைபட்டிருந்தன. ஒரே ஒரு வழி திறந்திருந்தது, அதன் வாசலில் பல்ஜர் நின்றார். மற்றவர்களுக்கு ‘காட்டிக்கொடுப்பவன்’ என்ற பட்டம் மரணத்துக்குச் சமம். அவருக்கு அதுவே கவசம். கீழே மௌனமும் மேலே பேச்சும் ஒன்றையொன்று தாங்கின. பேட்டை பேசியிருந்தால் எஃப்பிஐக்கு அவர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

‘பேட்டைக்குள் போதைப்பொருளை விடாத நல்ல தாதா’ என்ற புகழும் இதே மௌனத்தில் வளர்ந்தது. இந்தப் பொய் எனக்குக் கோபம் வரவழைக்கிறது, ஏனென்றால் அதை நம்பிய தாய்மார்களின் பிள்ளைகளே கொக்கெய்னில் அழிந்தார்கள். 1990 ஆகஸ்டில் சவுத் பாஸ்டன் கொக்கெய்ன் வழக்கில் 51 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அந்த வியாபாரிகளிடம் மாமூல் வாங்கியவர் அப்போதும் பட்டியலில் இல்லை.

சரி, எப்படி உடைந்தது? கணக்கு மாறியதால். பழைய சட்டத்தில் புக்கிக்கு அபராதமோ சிறு தண்டனையோதான், அதற்காக யாரும் பல்ஜரைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். 1986இல் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது தனிக் கூட்டாட்சிக் குற்றமானது. 1990களில் மாநிலப் போலீஸும் சில அரசு வழக்கறிஞர்களும் எஃப்பிஐயைச் சுற்றிக்கொண்டு போய், அந்தச் சட்டத்தில் புக்கிகளைப் பிடித்தார்கள். பல வருஷச் சிறையா, ‘வாடகை’ பற்றிய சாட்சியமா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது அவர்கள் பேசினார்கள். 1995 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. பல்ஜர் அதற்குள் தப்பிவிட்டார். எச்சரித்தவர், ஓய்வு பெற்றிருந்த கானலி.

இதில் எனக்கு மிகவும் சுவாரசியமான இடம் ஒன்று உண்டு. பல்ஜர் எஃப்பிஐயோடு தனித் தொடர்பில் இருக்கிறார் என்று பாஸ்டன் குளோப் பத்திரிகை 1988இலேயே எழுதிவிட்டது. பேட்டை நம்பவில்லை, கும்பலும் நம்பவில்லை. 1997இல் நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டபோது எல்லாம் சரிந்தது. ஒரு செய்தி ஒவ்வொருவர் காதிலும் தனியாக விழுவது வேறு. எல்லாருக்கும் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுவது வேறு. 20 கொலைகளை ஒப்புக்கொண்ட கும்பலின் கொலையாளி ஜான் மார்ட்டோரானோ சாட்சியானார். அடியாள் கெவின் வீக்ஸ் கைதாகிச் சில வாரங்களில் பேசினார், புதைத்த உடல்கள் 2000இல் தோண்டி எடுக்கப்பட்டன.

16 வருஷத் தலைமறைவுக்குப் பின், 2011 ஜூனில் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பல்ஜர் பிடிபட்டார். சுவருக்குள் 8 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம். 2013 விசாரணையில் அவருடைய வழக்கறிஞர்கள் சூதாட்டம், கந்துவட்டி, போதைப்பொருள் எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டார்கள். இன்ஃபார்மர் என்பதை மட்டும் கடைசிவரை மறுத்தார்கள், சுமார் 700 பக்க எஃப்பிஐ கோப்பு மேசையில் இருந்தும். 11 கொலைகளில் அவருக்குப் பங்கு உண்டு என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2018 அக்டோபரில், மேற்கு வர்ஜீனியா சிறைக்கு மாற்றப்பட்ட மறுநாளே சக கைதிகள் அவரை அடித்துக் கொன்றார்கள். கானலிக்கு இரண்டு மாநிலங்களில் தண்டனை கிடைத்தது, ஃப்ளோரிடாவில் கொலைக் குற்றத்துக்கு.

1982இல் செத்த அந்த லாரி ஓட்டுநரின் குடும்பம் அரசு மீது வழக்குப் போட்டு வென்றது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. எஃப்பிஐயின் பங்கு பற்றி 1998 வாக்கிலேயே பத்திரிகைகளில் செய்தி வந்துவிட்டது, அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு வருஷக் கெடு தாண்டிவிட்டது என்பது காரணம். அந்த வழக்கில் அரசிடமிருந்து இழப்பீடாக ஒரு டாலரும் அவர்கள் கைக்கு வரவில்லை.