வீட்டுக்கு ஒருவர் போதுமா? கிராமத்துக் கணினிப் பயிற்சியும் கிராம சபையும்

"அந்த இலவசக் கணினிப் பயிற்சி இன்னும் நடக்கிறதா?" என்று உசிலம்பட்டிப் பக்கத்து உறவினர்கள் கேட்கிறார்கள். இல்லை. 2017-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 2024 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பெயரைச் சொல்லி இப்போது யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நடந்த காலத்திலேயே அது இலவசம்தான்.

கணினி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத கிராமத்து வீட்டில், 14 முதல் 60 வயதுக்குள் ஒருவருக்கு 20 மணி நேரப் பயிற்சி. பிறகு தேர்வு, சான்றிதழ். நாடு முழுவதும் 6 கோடிப் பேர் என்ற இலக்கையும் தாண்டிவிட்டார்கள். அது பெரிய வேலைதான்.

ஆனாலும் அந்த 'வீட்டுக்கு ஒருவர்' என்பது எனக்கு உறுத்துகிறது. படித்த அந்த ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், வீட்டில் இருக்கும் தாய்க்கு யார் துணை? முதியோர் ஓய்வூதியம் தொடங்குகிற அதே 60 வயதில் பயிற்சி நின்றுபோனதும் எனக்குப் பொறுக்கவில்லை.

என் பெரியம்மா மல்லிகை பறிப்பவர். செல்பேசித் திரையை விரலால் அழுத்திப் பிடிப்பார், வேறெதுவோ திறந்துகொள்ளும், பயந்து கையை எடுத்துவிடுவார். தொட்டவுடன் எடுக்க வேண்டும் என்பது பிடிபட ஒரு மாலைப்பொழுது ஆனது. "மொட்டைக் கிள்ளுகிற பதம்தான்" என்று அவரே சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் போதும்.

அதை ஊரே கேட்டுப் பெற முடியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் அங்கே பேசலாம். பூ பறிப்பும் வயல் வேலையும் முடிந்த மாலை நேரத்தில், ஊராட்சிக் கட்டடத்தில், வயது வரம்பில்லாமல் பயிற்சி வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

முதல் நாள் பாடமாகப் பணப் பாதுகாப்பு இருக்கட்டும். யூபிஐயில் நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கேட்கிறவர் ஏமாற்றுகிறார். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணைப் பெரியம்மா வீட்டு நாள்காட்டி அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.