காசநோய் மாத்திரை பாதத்தை ஏன் எரிய வைக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என் தம்பிக்கு எம்டிஆர் டிபி. ஆறு மாத மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது மாதத்திலிருந்து இரண்டு பாதமும் எரிகிறது, செருப்பு கழன்றால்கூடத் தெரியவில்லை என்கிறான். கிருமி இருப்பது நுரையீரலில். காலுக்கு என்ன வந்தது? வீட்டில் எல்லோரும் மாத்திரை சூடு என்கிறார்கள்."

சூடெல்லாம் இல்லை. காரணம் அதைவிட ரொம்ப சுவாரசியமானது, அதற்கு நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டும். அதற்கு முன் அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடலாம். காசநோய்க்கான இரண்டு முதன்மை மருந்துகள் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின். இந்த இரண்டுக்கும் மசியாத கிருமி வந்தால் அதுதான் எம்டிஆர் டிபி. முன்பெல்லாம் இதற்கு ஒன்றரை, இரண்டு வருடம் சிகிச்சை, அதில் பல மாதம் தினமும் ஊசி. இப்போது பெடாக்விலின், பிரிடோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்கும் சேர்ந்த ஆறு மாத சிகிச்சை வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது, இந்தியா 2024-இல் அனுமதித்தது. ஊசியே கிடையாது. இந்த நான்கில் தம்பியின் காலில் கை வைத்திருப்பது பெரும்பாலும் லினசோலிட்.

நல்ல ஆன்டிபயாட்டிக் என்றால் கிருமியிடம் இருக்கிற, நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்றைக் குறிவைக்க வேண்டும். லினசோலிட் குறிவைப்பது ரைபோசோமை. அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் இடம் அது. அமினோ அமிலம் வந்து உட்கார்ந்து சங்கிலியில் சேர வேண்டிய குழியில் லினசோலிட் முன்கூட்டியே போய் அடைத்துக்கொள்கிறது, கிருமிக்குப் புரத உற்பத்தி நின்றுபோகிறது. நம் செல்லிலும் ரைபோசோம் உண்டு, ஆனால் அதில் அந்தக் குழியின் வடிவம் வேறு, மருந்து ஒட்டுவதில்லை. இத்தோடு முடிந்திருந்தால் லினசோலிட் பரம சாது.

முடியவில்லை, ஏனென்றால் நம் செல்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்குள்ளும் இன்னொரு வகை ரைபோசோமும் இருக்கிறது. அது இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில். பள்ளியில் "செல்லின் ஆற்றல் நிலையம்" என்று படித்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோன அதே மைட்டோகாண்ட்ரியாதான். அது ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. எப்போதோ இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. லின் மார்குலிஸ் 1967-இல் இந்தக் கருத்தை விரிவாக எழுதியபோது பலர் ஏற்கவில்லை, இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வந்த பாக்டீரியா தன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றை இழந்தோ, நம் உட்கருவிடம் ஒப்படைத்தோ விட்டது. ஆனால் 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு குட்டி டிஎன்ஏ வளையத்தை மட்டும் இன்னும் தன்னிடமே வைத்திருக்கிறது. அதில் 37 மரபணுக்கள், அவற்றில் 13 புரதங்களுக்கான குறிப்புகள். அந்த 13 புரதங்களைச் செய்ய மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே தனி ரைபோசோம். அதன் குழி இன்றும் பாக்டீரியாவின் குழியை ஒத்திருக்கிறது!

ஆக, கிருமியை அடிக்கப் போன மருந்து, நம் வீட்டில் குடியிருக்கும் அதன் தூரத்துச் சொந்தக்காரனையும் சேர்த்து அடித்துவிடுகிறது. அந்த 13 புரதங்களும் ஒன்றுவிடாமல் மூச்சுக்காற்றின் ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் இயந்திரத்தின் பாகங்கள் என்பதால் அடி நேராக ஆற்றல் உற்பத்தியில் விழுகிறது.

அப்புறம் ஏன் முதல் வாரமே கால் எரியவில்லை? ஏற்கெனவே செய்துவைத்த புரதங்கள் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். அவை தேய்ந்து, புதியது வராமல் போகும்போதுதான் பற்றாக்குறை வெளியே தெரியும். லினசோலிட் 2000-இல் சந்தைக்கு வந்தது நிமோனியா, தோல் தொற்று போன்றவற்றுக்காக. இரண்டு வாரம் கொடுப்பார்கள், அதிகபட்சம் 28 நாள். காசநோய்க்கோ ஆறு மாதம். முதலில் தடுமாறுவது எலும்பு மஜ்ஜை. இரத்தச் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகும் இடம் என்பதால் மைட்டோகாண்ட்ரியா புதிது புதிதாகத் தேவைப்படும். அதனால்தான் ஆரம்ப வாரங்களிலிருந்தே ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கையை அடிக்கடி பார்க்கிறார்கள். இது மருந்தை நிறுத்தினாலோ குறைத்தாலோ பெரும்பாலும் சீக்கிரம் சரியாகிவிடும்.

நரம்பு அப்படி இல்லை. பாதத்தில் தொடுவுணர்வைத் தரும் நரம்புச் செல்லின் உடல் முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதன் இழை கால் பெருவிரல் வரை போகிறது. ஒரே ஒரு செல், நீளம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்! வழிநெடுக ஆற்றல் வேண்டும், மைட்டோகாண்ட்ரியாக்கள் அந்த இழை வழியாகவே அனுப்பப்பட வேண்டும். உற்பத்தி தடுமாறினால் கடைக்கோடிதான் முதலில் காயும். எனவே இரண்டு பாதத்திலும் ஒரே சமயத்தில் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போடும் இடத்தில் மேலேறும். கண்ணிலும் இதே கணக்குதான். விழித்திரைக்குள் இருக்கும் நரம்பு இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை கிடையாது, உறை இருந்தால் வெளிச்சம் ஊடுருவாது. உறை இல்லாத மெல்லிய இழையில் சமிக்ஞை அனுப்ப அதிக ஆற்றல் செலவாகும், பற்றாக்குறை அங்கேயும் சீக்கிரம் தெரியும். கண் பரிசோதனையில் வண்ணப் புள்ளிப்படத்தைக் காட்டி "என்ன எண் தெரிகிறது?" என்று கேட்பது சடங்குக்கு இல்லை. பார்வை மங்குவதற்கு முன்பே சிவப்பும் பச்சையும் வெளிறத் தொடங்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த நிக்ஸ்-டிபி ஆய்வில் 109 பேருக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் லினசோலிட்டில் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது, 81 சதவீதம் பேருக்கு நரம்பு பாதித்தது. அடுத்து வந்த ஸீநிக்ஸ் ஆய்வில் 600 மில்லிகிராம் 26 வாரம் எடுத்தவர்களிடம் பலன் 91 சதவீதம், நரம்புப் பாதிப்பு 24 சதவீதம். அளவைப் பாதியாக்கியும் பலன் குறையவில்லை. ஒரு நாளைக்குரிய அளவை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே வேளையில் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அடுத்த வேளைக்கு முன் இரத்தத்தில் மருந்து இறங்கும் அந்த இடைவெளியில் மைட்டோகாண்ட்ரியா கொஞ்சம் புரதம் செய்து மூச்சுவிட்டுக்கொள்கிறது. சென்னையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் லினசோலிட் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கும் ஆய்வை நடத்தியது.

கேட்டவரின் தம்பி செய்ய வேண்டியது, எரிச்சலை உடனே மருத்துவரிடம் சொல்வது. அளவைக் குறைப்பதா, சில நாள் நிறுத்துவதா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். தானாக நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மற்ற மருந்துகளுக்கும் பழகிவிடும். பி6 வைட்டமின் ஐசோநியாசிட் தரும் நரம்புப் பாதிப்பைத் தடுக்கும். இங்கே சிக்கலே வேறு இடத்தில் என்பதால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும், லினசோலிட்டோடு மோதும்.

பழைய ஊசிகளான கனமைசின், அமிகசின் காதைக் கெடுத்ததிலும் இதே தூரத்துச் சொந்தக்காரன் கதை உண்டு. அவையும் ரைபோசோமைப் பிடிக்கும் மருந்துகள். சிலருக்குத் தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், அதனால் அவர்களின் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம் பாக்டீரியாவுடையதை இன்னும் கொஞ்சம் ஒத்துவிடும். அவர்களுக்குச் சில ஊசியிலேயே காது போகலாம். அந்த மாற்றம் இல்லாதவர்களும் நிறையப் பேர் செவித்திறனை இழந்தார்கள், உட்காதின் மயிர்ச்செல் செத்தால் திரும்ப முளைக்காது. காசநோய்ச் சிகிச்சையில் செவித்திறனை இழந்த இந்தியாவின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேவும், பெடாக்விலின் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்ட விண்ணப்பத்தை எதிர்த்தார்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது.

பெடாக்விலின் இதயத்துடிப்பின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் இழுத்துவிடும், அதற்குத்தான் இசிஜி. நீண்ட சிகிச்சையில் வரும் குளோஃபசிமின் அடிப்படையில் ஒரு சாயம், கொழுப்பில் தங்கித் தோலைக் கறுக்கவைக்கும், நிறுத்திப் பல மாதம் கழித்துத்தான் வெளுக்கும். இதைப் பார்த்துச் செய்வினை என்று மந்திரிக்க அழைத்துப்போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். "சூடு" என்று இளநீர் கொடுப்பவர்கள்மேல் கோபம் இல்லை, இளநீரோடு மாத்திரையையும் கொடுத்தால் சரி.

என் பெரிய கோபம் வேறு. லினசோலிட் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்த அதே 1996-இல், அதே நிறுவனத்திலிருந்து சுடசோலிட் என்ற அதன் உடன்பிறப்பும் வெளிவந்தது. காசநோய்க் கிருமிமேல் அது நன்றாக வேலை செய்வதும் அப்போதே தெரியும். ஆனால் பணம் வரும் நோய்களுக்கு லினசோலிட் போதுமானதாக இருந்தது, சுடசோலிட் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தது. மைட்டோகாண்ட்ரியாவை லினசோலிட் அளவுக்குத் தொந்தரவு செய்யாது என்ற எதிர்பார்ப்பில் இப்போதுதான் அதையும் டெல்பசோலிட் போன்ற புதியவற்றையும் நோயாளிகளிடம் சோதிக்கிறார்கள். 1990-களிலேயே யாராவது காசு போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்குமா தெரியாது.