சர்வரில் இருவகை நினைவகம்: கூட்டக் கூடாத கணக்கு

டிரேமும் ஆப்டேனும் கலந்த சர்வர் மெதுவாக ஓடுகிறது என்ற புகார் இந்த ஆண்டில் எனக்கு வருவது இது மூன்றாவது முறை. இரண்டு பிராசசர் சாக்கெட் கொண்ட ஓர் இன்டெல் ஜியான் சர்வர். அதில் 16 ஜிபி டிரேம் (வழக்கமான வேக நினைவகம்) மாட்யூல்கள் 12, பக்கத்து ஸ்லாட்டுகளில் 128 ஜிபி ஆப்டேன் (கொள்ளளவு மிகுந்த, ஆனால் மெதுவான இன்டெல் நினைவகம்) மாட்யூல்கள் 12. பழைய ஆப்டேன் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் பொருத்தியிருந்த அந்த நிறுவனத்தில், மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. "மெமரி ஒன்றரை டிபி இருக்கிறது சார், டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்தும் ஸ்வாப் துளியும் இல்லை, சிபியுதான் திணறுகிறது, பெரிய பிராசசர் வாங்கிவிடலாமா?" என்று கேட்டார் சர்வர் நிர்வாகி. வேண்டாம் என்று தடுக்கவே எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

எல்லாரும் செய்யும் தவறு, 192 ஜிபியையும் 1536 ஜிபியையும் கூட்டி 1728 ஜிபி வேகமான நினைவகம் இருப்பதாக நம்புவதுதான். ஆப்டேனை மெமரி மோடில், அதாவது சாதாரண நினைவகம்போல இயங்கும் அமைப்பில், வைத்தால் டிரேம் கணக்கிலேயே வராது. அது ஆப்டேனுக்கு முன்னால் நின்று, தரவின் நகலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கேச் ஆகிவிடுகிறது, இயங்குதளத்தின் கண்ணுக்கு ஆப்டேனின் கொள்ளளவு மட்டுமே தெரியும். டிரேமில் கிடைக்கும் தரவு ஏறக்குறைய 100 நானோ விநாடியில் வந்துவிடும். அங்கே இல்லாவிட்டால், இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே ஆப்டேனுக்குச் செல்ல வேண்டும், அதற்கு 300 நானோ விநாடிக்கு மேலும் ஆகலாம். அந்தக் கேச்சில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரே ஓர் இடம்தான் உண்டு என்பதால், ஒரே இடத்துக்கு உரிய இரண்டு முகவரிகள் மாறி மாறிக் கேட்கப்பட்டால் ஒன்று மற்றொன்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நினைவகத்தின் பதிலுக்காகப் பிராசசர் சும்மா காத்திருக்கும் நேரமும் சிபியு பயன்பாடாகவே பதிவாகும். நோய் ஓரிடத்திலும் மருந்து வேறிடத்திலுமாகப் போவது இதனால்தான்.

மின்சாரம் போனாலும் ஆப்டேனில் உள்ள தரவு அழியாது என்பது இன்னொரு நம்பிக்கை. மெமரி மோடில் அது நிச்சயமாக அழியும்.

அந்தச் சர்வரில் அளந்து பார்த்தபோது, கணக்கு முடிப்பு திரும்பத் திரும்பத் தொட்டது ஏறக்குறைய 150 ஜிபி தரவை மட்டுமே. அதே நேரத்தில், அதே சர்வரில் தனியாக ஓடும் இன்னொரு தரவுத்தளத்திலிருந்து பழைய ஆண்டுகளின் அட்டவணைகளை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கும் அறிக்கை ஒன்று அந்த 150 ஜிபியைக் கேச்சிலிருந்து கலைத்துக்கொண்டிருந்தது. முழு பேக்கப் எடுத்த பிறகு ஆப்டேனை ஆப் டைரக்ட் மோடுக்கு (டிரேமின் பின்னால் மறையாமல் தனியாகத் தெரியும் அமைப்புக்கு) மாற்றி, லினக்ஸில் சிபியு இல்லாத தனி நியூமா கணுக்களாக (இயங்குதளம் தனித்தனியே கையாளும் நினைவகப் பகுதிகளாக) இணைத்தோம். கணக்குத் தரவுத்தளத்தை டிரேம் கணுக்களிலும், அறிக்கைக்கானதை ஆப்டேன் கணுக்களிலும் கட்டி வைத்தோம். அடுத்த மாதக் கணக்கு முடிப்பு நள்ளிரவுக்கு முன்பே முடிந்தது. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை.

வாங்குமுன் சிலவற்றைத் தயவுசெய்து கவனியுங்கள். ஆர்டிம், எல்ஆர்டிம் என்பவை சர்வர் டிரேம் மாட்யூல்களின் இரு வகைகள், ஒன்றோடு மற்றதைக் கலக்காதீர்கள். பிராசசரிலிருந்து நினைவகத்துக்குப் போகும் பாதைகளான சானல்களைச் சமமாக நிரப்புங்கள். நான்கு சானல்களில் பெரிய மாட்யூலும் இரண்டில் சிறியதுமாகச் செருகிவிட்டு வேகம் இல்லையே என்று வருந்துவதில் பயனில்லை. முதல் தலைமுறை ஆப்டேனைச் செருகினால் விநாடிக்கு 2933 மெகா பரிமாற்ற வேகமுள்ள டிரேமும் 2666 வேகத்துக்கு இறங்கிவிடும். ஆப்டேன் தொழிலை முடித்துக்கொள்வதாக இன்டெல் 2022 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. ஆகவே மாற்று மாட்யூல்களைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளாமல் முக்கியமான வேலையை அதில் ஏற்றாதீர்கள்.

இனி இதே கேள்வி, சர்வரில் கூடுதல் நினைவகம் சேர்க்கும் இணைப்பு முறையான சிஎக்ஸ்எல் நினைவக அட்டைகளோடு வரும். அவையும் சிபியு இல்லாத நியூமா கணுவாகவே தெரியும். அவற்றின் தாமதம், சிபியுவோடு நேரடியாக இணைந்த டிரேமைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அரிதாகத் தொடப்படும் நினைவகப் பக்கங்களை மெதுவான நினைவகத்துக்குக் கீழே இறக்க லினக்ஸ் 5.15 முதலும், அடிக்கடி தொடப்படுபவற்றை வேகமான நினைவகத்துக்கு மேலே ஏற்ற 5.18 முதலும் வசதி இருக்கிறது. ஆனால் இரண்டையும் நிர்வாகிதான் இயக்கி வைக்க வேண்டும். நான் பார்த்த சர்வர்களில் பெரும்பாலானவற்றில் அது அணைந்தே கிடந்தது. விலைப்பட்டியல் கேட்பதற்கு முன், ஒரு மாதக் கடைசி இரவில் உங்கள் தரவுத்தளம் உண்மையில் எத்தனை ஜிபியைத் தொடுகிறது என்று அளந்து அந்த எண்ணோடு வாருங்கள்.