பின்னைச் செருகினால் சாகும் ஐ.சி.

லித்தியம் பேட்டரி சார்ஜர் போர்டு ஒன்று. 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் ஓடுகிறது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிப்பான சார்ஜிங் ஐ.சி. 30 வோல்ட் வரை தாங்கும் என்கிறது டேட்டாஷீட், அதாவது தயாரித்தவர் தரும் விவரத்தாள். 11 வோல்ட் மிச்சம் இருக்கிறதே, போதாதா? ஆனாலும் இன்புட் ஷார்ட்டாகி போர்டு திரும்பி வருகிறது. ஐ.சி.யை மாற்றி மேசையில் இரண்டு நாள் ஓடவிட்டால் சூடுகூட ஏறுவதில்லை. கொண்டுபோனவர் வீட்டில் மறுபடி போய்விடுகிறது.

ஐ.சி. டூப்ளிகேட் என்று பழிபோடுவது சுலபம். சில சமயம் அது உண்மையும்கூட. அதற்கு முன் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: அடாப்டரை எந்த வரிசையில் மாட்டுகிறீர்கள்?

மேசையில் நாம் ஒயரை மாட்டிவிட்டு, அப்புறம்தான் பவர் சப்ளையை ஆன் செய்கிறோம். வோல்ட்டேஜ் சில மில்லிசெகண்டுகளில் படிப்படியாக ஏறுகிறது. வீட்டிலோ அடாப்டர் எப்போதும் சுவரில் ஆனில் தொங்கும். பின்னை மட்டும் போர்டில் செருகுவார்கள். 19 வோல்ட்டும் ஒரே அடியாக இறங்கும்.

இறங்கும் இடத்தில் இருப்பது செராமிக் கெப்பாசிட்டர், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். வெறும் ஒயருக்கும் இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம், உண்டு. மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொள்வோம். காலியான கெப்பாசிட்டரை நிரப்பப் பாயும் கரண்டை இந்த இண்டக்டன்ஸ் சட்டென்று நிற்க விடாது. ஓடிவருபவனைக் கோட்டில் நில் என்றால் நாலடி தாண்டித்தானே நிற்பான்? 19 வோல்ட் ஆன பிறகும் கரண்ட் உள்ளே போய்க்கொண்டிருக்க, வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக, 38 வரை எகிறலாம். வோல்ட்டேஜ் ஏற ஏறப் பல செராமிக்குகளின் கொள்திறன் குறைவதால், இரண்டு மடங்கைத் தாண்டுவதும் உண்டு.

கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட், ஒயர் ஒரு மீட்டர் என்றால் உச்சி சுமார் 10 மைக்ரோசெகண்டில் வந்து போய்விடும். நொடிக்கு இரண்டு மூன்று முறை அளக்கும் மல்டிமீட்டர் கண்ணில் இது படாது. வோல்ட்டேஜ் மாறுவதைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை, ஒரே ஒரு நிகழ்வைப் பிடித்து நிறுத்தும் சிங்கிள் ட்ரிக்கரில் வைத்து, ப்ரோபை ஐ.சி.யின் இன்புட் காலிலேயே பிடித்து, பின்னைச் செருகிப் பார்க்க வேண்டும். இருபது தடவையாவது. பின் தொடும் விதம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பழைய எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டரில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அதன் உள்மின்தடையே பிரேக் போட்டுவிடும். உள்மின்தடை குறைந்த நல்ல பாகம் வேண்டும் என்று செராமிக்குக்கு மாறியபோது பிரேக்கும் போய்விட்டது. 2001-லேயே லீனியர் டெக்னாலஜி நிறுவனம் இதை விளக்கி ஒரு குறிப்பு வெளியிட்டது.

அதற்காகச் செராமிக்கைக் கழற்றிவிட வேண்டாம். ஸ்விட்சிங் சர்க்யூட்டுக்கு அது தேவை. பக்கத்தில் 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எகிறும் வோல்ட்டேஜைப் பிடித்து நிறுத்தும் டிவிஎஸ் டயோடும் போடலாம் (வண்டி கம்பெனி இல்லை, இது வேறு டிவிஎஸ்). ஆனால் 20 வோல்ட் என்று விற்கும் டிவிஎஸ், முழுக் கரண்டில் 32 வோல்ட்டுக்கு மேல்தான் பிடித்து நிறுத்தும். நம் ஐ.சி.க்கோ 30 தான் எல்லை. அதனால் எலக்ட்ரோலிட்டிக்கை முதலில் போட்டுவிட்டு, ஸ்கோப்பில் இன்னொரு இருபது தடவை பாருங்கள்.