எந்த மாசம், தம்பி?

வீடுகளின் உணவு நிலைமையை ஆராயும் வேலைக்கு வந்த புதிதில் நானும் வீடு வீடாகப் போய் "மாசம் எவ்வளவு வருமானம்?" என்றுதான் கேட்டேன். இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட கூலி வேலை செய்யும் அக்கா ஒருவர் "எந்த மாசம், தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு நான் என் கேள்வியை மாற்றிக்கொண்டேன்.

குடும்பப் பொருளாதார ஆய்வின் அடிப்படையே அந்த "எந்த மாசம்" என்ற கேள்விதான். பஞ்சத்தை முன்கூட்டியே அறிய 1990களின் தொடக்கத்தில் சேவ் த சில்ரன் என்ற சிறுவர் உதவி அமைப்பு உருவாக்கிய முறை அது. ஒருவருக்கு நாளுக்கு 2,100 கலோரி என்று வைத்தால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்குத் தினமும் ஏறக்குறைய 3 கிலோ அரிசிக்குச் சமமான சாப்பாடு வேண்டும். போன வருடம் அது மாதாமாதம் எங்கே இருந்து வந்தது: சொந்த வயலா, கூலியா, குளத்து மீனா, காட்டுப் பாலைப்பழமா, கடைக் கடனா?

வன்னியில் இப்படிக் கேட்டால் மார்கழியும் தையும் தனியாகத் தெரியும். மாரி மழைக்கு விதைத்த காலபோக நெல் இன்னும் வயலில் நிற்கும், வீட்டில் இருந்தது முடிந்திருக்கும், மழைக்குக் கூலி வேலை இராது, கடலும் கொந்தளிக்கும். சரி, அரிவு வெட்டு வந்தால் நிமிரலாம் என்றால், இப்போது பெரும்பாலும் மெசின்தான் வெட்டுகிறது. குளம் நிரம்பி வயல் விளைந்தும் கூலிக்காரர் வீட்டுப் பானைக்கு ஒன்றும் வராமல் போவது இப்படித்தான். 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியலாளர் அமர்த்தியா சென்னும் இதையே சொன்னார்: உணவு இருந்தது, அதை வாங்கும் வழி பலருக்கு இல்லை.

ஒரே அடி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி விழாது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது நெல் வைத்திருந்தவர் சமாளித்திருப்பார், சிறிய எஞ்சின் படகுக்காரருக்குத் தொழிலே நின்றிருக்கும். மாவட்டச் சராசரியில் இந்த வித்தியாசம் தெரியாது.

பிள்ளைகளின் நிறை குறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும். மீன் வாங்குவதைக் குறைப்பது, கீரை பிடுங்குவது எல்லாம் வழக்கமான சமாளிப்பு, ஆனால் பால் மாட்டை விற்பதும் விதைநெல்லைக் குற்றுவதும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறிப்பதும் அடுத்த வருடத்தையும் சேர்த்துத் தின்பது. உதவி அதற்கு முன்னால், கார்த்திகையிலேயே வர வேண்டும்.

அந்த அக்கா தன் மாட்டை மார்கழியில் விற்றிருந்தார். உலர் உணவுப் பொதி சித்திரையில் வந்தது.