மூடிய குப்பைக் கிடங்கின் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

குப்பைக் கிடங்கின் மேல் மண் போட்டு, புல் வளர்த்து, வாசலைப் பூட்டியதும் உள்ளாட்சி பட்ஜெட்டில் அந்தத் தலைப்பு சுருங்கிவிடும். மண்ணுக்கடியில் காற்றில்லாமல் மக்கும் வேலையோ இன்னும் பல பத்தாண்டுகள் நடக்கும். மீத்தேன் வாயுவும், குப்பையில் ஊறி வடியும் அழுக்கு நீரான கசிவுநீரும் வந்துகொண்டே இருக்கும். வரும்படி மட்டும் நின்றுபோயிருக்கும்.

அதனால், மூடிய பிறகு ஆகும் செலவுக்கான பணத்தைக் குப்பை வந்துகொண்டிருக்கும்போதே சேர்க்க வேண்டும். மூடுவதற்கும் அதன்பின் குறைந்தது 30 ஆண்டுப் பராமரிப்புக்கும் ஆகும் செலவு, குப்பை கொட்டும் கட்டணத்திலேயே அடங்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 நெறிமுறை. அமெரிக்கக் கூட்டாட்சி விதியும் 30 ஆண்டுகளையே அடிப்படையாகக் கொள்கிறது. இந்தியாவின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் கேட்டது குறைந்தது 15 ஆண்டு. அமெரிக்க உள்ளாட்சிகளுக்கான 1993 கணக்கியல் தரம் இன்னும் நேரடியானது: கிடங்கு 60% நிரம்பியிருந்தால், மதிப்பிட்ட மொத்தச் செலவில் 60% ஏற்கெனவே கடனாக ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். ஏட்டில் ஏறுவதும் வங்கியில் பணம் இருப்பதும் ஒன்றல்ல. பல இடங்களில் ஓட்டை விழுவது இங்கேதான்.

செலவைக் கூட்டிக் குறைப்பது முக்கியமாக மழைநீர். இந்தியாவின் 2016 விதிகளின்படி மேல்மூடியில் 60 செ.மீ. களிமண் தடுப்பு, அதன்மேல் 15 செ.மீ. வடிகால் அடுக்கு, அதற்கும் மேல் செடி வளர 45 செ.மீ. மண். 10 ஹெக்டேர் கிடங்கில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 1 லட்சம் கன மீட்டர். மூடி நன்றாக இருந்து 5% மட்டும் உள்ளே இறங்கினால் 5,000 கன மீட்டர். விரிசலும் பள்ளமும் விழுந்து அது 15% ஆனால் 15,000. உள்ளே இறங்கும் நீர் கசிவுநீராக வெளிவரும்; அதைப் பத்தாயிரம் லிட்டர் லாரியில் ஏற்றிச் சுத்திகரிப்புக்கு அனுப்பினால், 500 நடை 1,500 நடையாகிறது.

பள்ளம் விழுவதைத் தவிர்க்க முடியாது. குப்பை மக்கி அமுங்கும்போது மேடு சீராக இறங்குவதில்லை. ஓரிடம் உள்வாங்கும், பக்கத்து இடம் நிற்கும். சரிவு தட்டையாகி நீர் தேங்கும், தேங்கிய நீர் கீழே இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டம் அளந்து, மழைக்காலத்துக்கு முன் மேல்மண்ணை வழித்து, பள்ளத்தைக் களிமண்ணால் நிரப்பி இறுக்கி, மேல்மண்ணைத் திரும்பப் போட்டுப் புல் விதைத்தால் போதும். செலவு சிறியது, அதனாலேயே முதலில் வெட்டப்படுகிறது. புல் வெட்டாமல் விட்டாலோ மரக்கன்றுகள் வேர்விட்டுக் களிமண்ணைத் துளைக்கும்.

மீத்தேனை உறிஞ்சி எடுக்கும் வாயுக் குழாய்களும் மேட்டோடு சேர்ந்தே இறங்குகின்றன. தாழ்ந்த இடத்தில் ஈரம் குளிர்ந்து தேங்கிக் குழாயை அடைக்கும். அதை ஈடுகட்ட உறிஞ்சும் விசையைக் கூட்டினால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, மேட்டுக்குள் தீப்பிடிக்கலாம். மீத்தேன் காற்றில் 5 முதல் 15% வரை இருந்தால் வெடிக்கும் என்பதால் எல்லையோர வாயு அளவீட்டை நிறுத்த முடியாது. வாயுவில் மின்சாரம் எடுத்துப் பராமரிப்புச் செலவைச் சமாளிக்கலாம் என்ற திட்டங்களை நம்பிப் பட்ஜெட் போடக் கூடாது. மீத்தேன் குறையக் குறைய இன்ஜின் ஓடாது. பிறகு வாயுவை எரிக்கும் பெரிய கொளுத்தியும் நிலையாக எரியாது, சிறியதாக மாற்றச் செலவு வரும்.

நிலத்தடி நீருக்குப் பொதுவான குறைந்த ஏற்பாடு, நீரோட்டத்தின் மேல்பக்கம் ஒரு கண்காணிப்புக் கிணறு, கீழ்பக்கம் மூன்று. குளோரைடு மண்ணில் ஒட்டாமல் நீரோடு ஓடுவதால் கசிவை முதலில் காட்டிக்கொடுக்கும். கிணற்றுக் குழாயில் தேங்கிய பழைய நீரை வெளியேற்றாமல் மாதிரி எடுத்தால் முடிவு செல்லாது. கிணற்றின் மூடி உடைந்து மழைநீர் புகுந்தால் பொய்யான எச்சரிக்கை வரும், மறுசோதனைக்குப் பணம் போகும். ஆண்டுதோறும் மலிவான டெண்டருக்காக ஆய்வகத்தை மாற்றுவது இன்னொரு வீண். சோதிக்கும் முறையும், கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவும் மாறிவிட்டால் பத்தாண்டுப் போக்கை ஒப்பிட வழியில்லை.

இனி தொகை. ஆண்டுச் செலவு 100 என்று வைப்போம். வட்டியில் விலைவாசி உயர்வைக் கழித்து 2% மிஞ்சினால், 30 ஆண்டுக்குக் கையில் இருக்க வேண்டியது சுமார் 2,240. தாராளமாக 4% என்று எழுதிக்கொண்டால் 1,730 போதும் என்று கணக்கு காட்டும். காலம் 60 ஆண்டானால், 2 சதவீதத்தில் 3,480 வேண்டும். பம்பு, கொளுத்தி, கிணறு மாற்றுவது போல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவற்றைத் தனியாகவும், கசிவு கண்டால் செய்ய வேண்டிய சீரமைப்பை இன்னும் தனியாகவும் வைக்க வேண்டும். மூன்றையும் ஒரே கணக்கில் போட்டால், ஒரு பம்பு பழுதாகும் ஆண்டில் நீர்ச் சோதனை நின்றுவிடும்.

எப்போது நிறுத்தலாம் என்பதை நாட்காட்டி சொல்லாது. கசிவுநீரில் கடைசிவரை நீடிப்பது பெரும்பாலும் அம்மோனியா. அது தொடர்ந்து குறைந்து நிலைத்த பிறகு, வாயு உறிஞ்சலைச் சிலகாலம் நிறுத்தி எல்லையில் மீத்தேன் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். கசிவுநீர்ப் பம்பையும் அப்படியே. அந்தச் சோதனைக் காலத்தில் மாதிரிகளை வழக்கத்தைவிட அடிக்கடி எடுக்க வேண்டியிருப்பதால் செலவு கூடும். நிதியின் கடைசி ஆண்டுகளுக்கு ஒதுக்கும்போது அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.